அவர் ஜன்னலுக்கு வந்த குருவிகள்

2002

ஜனவரி 6, ஞாயிறு

காலையில் பனி. வெகுநேரம் எதிர்த் தோட்டமே தெரியவில்லை. மிளகு காயப்போடவில்லை.

கட்டிலை ஜன்னலுக்கு நேராகத் திருப்பியாயிற்று. தனியாளாக இழுத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. எதற்கு இழுக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை, கண்ணை உருட்டினார். ஐப்பசியில் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தது. பேச்சும் போயிற்று. மிச்சம் கண்ணும் இடது கையும்தான். பேச்சு இனி வருவது சந்தேகம் என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வைத்தவை: மண்சட்டியில் தண்ணீர். தேங்காய் மூடியில் சாமை. கம்பியில் தொங்கவிட்டு ஒரு சீப்பு மலைவாழை.

"ஏனுங்க, இனிமே குருவி வரும். படுத்துக்கிட்டே பாக்கலாமுங்க" என்றேன்.

அவருடைய ஏர்கன் துப்பாக்கி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. கழற்றி வைக்கலாமா என்று செல்வி போன மாதம் கேட்டாள். வேண்டாம் கண்ணு, அப்பாவுக்கு ஆசையான சாமான் என்றேன். கட்டிலில் இருந்து ஜன்னலும் தெரியும், அதுவும் தெரியும்.

வாங்க: மண்ணெண்ணெய், டெட்டால், அவருக்கு பவுடர்.

ஜனவரி 8, செவ்வாய்

மிளகு காய்கிறது. மிச்சத்தைப் பறிக்க ஆள் வரவில்லை. பொங்கல் கழித்துத்தான் வருவார்களாம்.

ஒரு குருவியும் இல்லை. பழம் கறுத்து அணில் தின்றது.

எப்படி வரும்? எங்கள் மலையில் பைல் நாடு முழுக்க எந்தக் காட்டுக்குப் போனாலும் குருவி கத்துகிறது, எங்கள் வேலியைத் தாண்டி உள்ளே வராது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தனை வருஷம் சுட்டுத் தள்ளினார். கறிக்காக என்றாலும் சரி. தேன்சிட்டில் என்ன கறி இருக்கிறது? கட்டைவிரல் அளவு. சுட்டுவிட்டு எடுக்கக்கூடப் போகமாட்டார். எறும்பு மொய்த்தபின் நான்தான் கூட்டி அள்ளுவேன்.

பழம் மாற்றினேன்.

ஜனவரி 11, வெள்ளி

வந்துவிட்டன. தவிட்டுக்குருவிக் கூட்டம். ஒன்று வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தது, பிறகு மொத்தமும் இறங்கிற்று. குளியல், சண்டை, கத்தல். தண்ணீர் ஜன்னல் வழியாக அவர் முகத்திலேயே தெறித்தது.

அவரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. இடது கை தானாகத் தூக்கிக்கொண்டது, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி. பாதியில் நடுங்கி விழுந்தது. கண் ஆணிக்குப் போயிற்று, குருவிக்கு வந்தது, திரும்ப ஆணிக்கு. தொண்டையிலிருந்து ஒரு சத்தம். எச்சில் வழிந்தது.

துடைத்துவிட்டேன். "நல்லாப் பாருங்க. கைக்கெட்டற தூரந்தான்" என்றேன்.

இன்றைக்குக் களி நன்றாக வந்தது. இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

ஜனவரி 15, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை, சர்க்கரைப் பொங்கல் மட்டும். அவருக்கு ஒரு கரண்டிதான், சுகர்.

மைனா ஜோடி வந்தது.

கல்யாணமான புதிதில் அடுப்படி வாசலுக்கு ஒரு ஜோடி வரும். பழைய சோறு போடுவேன். கைக்கு ஒரு முழம் தூரம் வரைக்கும் வந்துவிடும். அந்த வீட்டில் என்னிடம் நெருங்கி வந்தவை அவை இரண்டும்தான். செல்வி அப்போது வயிற்றில். ஒரு நாள் இவர் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து அம்மிமேல் போட்டார். "சோறு போட்டு வளத்துனவ நீதான. நீயே ஆக்கு" என்றார். இறக்கை பிடுங்கி ஆக்கினேன். தின்றுவிட்டு, உப்புப் பத்தலை என்றார். மற்றது ஓட்டுமேல் உட்கார்ந்து கத்திக் கத்திப் பிறகு எங்கோ போயிற்று.

இன்று இந்த ஜோடிக்குச் சர்க்கரைப் பொங்கலில் ஒரு பிடி வைத்தேன். முந்திரியோடு. அவர் பார்க்கத்தான் வைத்தேன்.

ஜனவரி 22, செவ்வாய்

மிளகு பார்க்க காளப்பநாயக்கன்பட்டி பாய் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர். அவரைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"எப்படி இருந்த மனுசன். அண்ணன் துப்பாக்கிய எடுத்தாருன்னா காக்கா கூட இந்தப் பக்கம் இருக்காதுங்க அக்கா."

"ஆமாங்க பாய்."

"இப்பப் பாருங்க, மூக்குக்கு நேரா வந்து உக்காருது." சட்டியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி வெக்கறது பெரிய நன்மைங்க அக்கா. அண்ணன் செஞ்சதுக்கெல்லாம் சேத்து நீங்க நன்மை பண்றீங்க."

டீ கொடுத்தேன். பாய் சொன்னது கட்டிலுக்கும் கேட்டிருக்கும்.

பாய் போனபின் அவர் இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். துடைத்தேன். மதியம் கஞ்சியைக் கொஞ்சம் சூடாகவே கொடுத்தேன்.

ஜனவரி 30, புதன்

இதுவரை வந்தவை: தவிட்டுக்குருவி, மைனா, மணிப்புறா, தேன்சிட்டு (பழத்துக்கு இல்லை, செம்பருத்திக்கு), வண்ணாத்திக்குருவி, கொண்டைக்குருவி. கொண்டைக்குருவிதான் அதிகம், இனி கொ.கு. வேலியோரம் ஒரு செம்போத்து, கிட்டே வருவதில்லை.

வண்ணாத்திக்குருவி ஒன்று ஜன்னல் கண்ணாடிக் கதவில் தன் நிழலைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறது. விடியலில் இருந்து மோதல். கண்ணாடியில் ரத்தப் பொட்டு. அலகு உடைந்தாலும் விடாது போல.

அவர் சிரித்தார். வாதம் வந்தபின் முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, மற்றபடி சிரிப்பு அப்படியே இருக்கிறது. செல்வி சின்னதில் கீழே விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் சிரிப்பார்.

கண்ணாடியில் சாணிக்கரைசல் பூசிவிட்டேன். குருவி போயிற்று. சிரிப்பும் நின்றது.

பிப்ரவரி 5, செவ்வாய்

குளிர் விடவில்லை. முள்ளுக்குறிச்சி வைத்தியர் கொடுத்த எண்ணெய் தீர்ந்தது. நாற்றம்தான் மிச்சம்.

கொஞ்ச நாளாகவே ஒன்றைக் கவனிக்கிறேன். விடியும் முன்னால் விழித்துக்கொள்கிறார். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். கொ.கு. முதல் குரல் கொடுத்ததும் முகம் தெளிகிறது. துப்பாக்கிப் பக்கம் கண் போவதே இல்லை. பழத்தில் ஒன்று உட்கார்ந்து ஆடினால், இவர் தலையும் கூட ஆடுகிறது.

ஏமாந்தேன். வலிக்கட்டும் என்று இலை போட்டேன், ஆள் விருந்து சாப்பிடுகிறார்.

பிப்ரவரி 7, வியாழன்

சட்டி, பழம், சாமை எல்லாவற்றையும் கொல்லைப்புறம் மாற்றினேன். அங்கே அவர் கண் எட்டாது. சத்தம் மட்டும் கேட்கும்.

கேட்கட்டும்.

பிப்ரவரி 9, சனி

காலையில் கஞ்சியைத் துப்பினார். மதியமும். வாயை இறுக்கிக்கொண்டார். ஸ்பூனால் பல்லைத் தட்டினேன், திறக்கவில்லை. கொல்லையில் கொ.கு. ஜோடி கத்தக் கத்த முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. கண்ணோரம் தண்ணீர்.

என் அம்மா செத்த செய்தி வந்த அன்றைக்கு, மிளகு பறிப்பு முடியாமல் போகக் கூடாது என்றவர். இந்தக் கண்ணில் தண்ணீர் இருந்ததே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பட்டினி கிடந்து செத்துவிடுவாரோ என்று ஒரு யோசனை. அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

நாளை செல்வி வருகிறாள். பலகாரம் ஏதாவது செய்ய வேண்டும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

செல்வி ராசிபுரத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வளைவில் வாந்தி. எத்தனை வருஷமானாலும் இவளுக்கு இந்த ரோடு ஒத்துக்கொள்ளாது.

வந்ததும், "ஏம்மா, சட்டியக் காணோம்?" என்றாள்.

"கழுவப் போட்டேன் கண்ணு."

அவளே கொல்லைக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கொ.கு. வந்துவிட்டது. அவர் கஞ்சி முழுக்கக் குடித்தார், அவள் கையால்.

"ஊருல எத்தன ஊட்டுல பாக்கறேன்மா, படுத்துக்கிட்டா ஒரு மூலைல தள்ளிப் போட்டர்றாங்க. நீ அப்பாவுக்குப் பொழுது போகோணும்னு குருவியெல்லாம் வரவெச்சுக் காட்டற. எந்தப் பொண்டாட்டிம்மா செய்வா?"

முறுக்குப் பிழிந்தேன்.

அவளுக்கு அப்பா என்றால் உயிர். அவளை ஒரு அடி அடித்ததில்லை. அடியெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குத்தான். அவளிடம் நான் சொன்னதும் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

வெயில் ஏறுகிறது. பலாவில் பிஞ்சு. பால்வாடிக்குப் புது டீச்சர் வந்திருக்கிறாளாம். சின்னப் பெண். நான் வேலை பார்த்த காலத்து மர நாற்காலி இன்னும் இருக்கிறதாம்.

ஜன்னல் கம்பியில் படர்ந்திருக்கிற முல்லைக்கொடியில் கொ.கு. ஜோடி கூடு கட்டுகிறது. நார், காய்ந்த புல், என் சீப்பில் இருந்து எறிந்த முடி. அவர் கண்ணுக்கு நேரே. எச்சில் விழுங்கக்கூட யோசிக்கிறார், பறந்துவிடும் என்று.

கொடியை அறுத்துவிடலாம். அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன். போய், செம்பருத்தியில் காய்ந்த கிளையை வெட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 9, சனி

முட்டை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கட்டிலில் இருந்து கூட்டின் அடிப்பாகம்தான் தெரியும், உள்ளே தெரியாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன, என்ன என்று புருவம்.

சொல்லாமல் இறங்கினேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 16, சனி

ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று ஏனோ வாயில் வந்துவிட்டது. அவர் முதுகில் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். "மூணு முட்டைங்க. ரோஸ் கலரு. செம்புள்ளி போட்டிருக்குது. நகத்தளவுதான்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கோணல் சிரிப்புத்தான். ஆனால் என்னைப் பார்த்து. எனக்கும் உதடு இழுத்தது.

அப்புறம் கோபம் வந்தது. முப்பது வருஷம் சமைத்தேன், பெற்றேன், அடி வாங்கினேன், மலம் அள்ளுகிறேன். அதற்கெல்லாம் வராத சிரிப்பு ஒரு குருவி முட்டைக்கு வருகிறது.

மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஈ மொய்த்தது. கொஞ்ச நேரம் மொய்க்கட்டும் என்று விட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

பொரித்துவிட்டது. ரோமம் இல்லாத மூன்று சிவப்புக் கட்டி. வாய் மட்டும் பெரிசு. தாயும் தகப்பனும் புழுவும் பூச்சியுமாகக் கொண்டுவந்து திணிக்கின்றன. ஓயாத வேலை.

தாய் வந்து கம்பியில் உட்காரும்போதெல்லாம் அவர் வாயும் திறக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கஞ்சி கொடுத்தால் சிந்தாமல் இறங்குகிறது. அந்த மட்டில் எனக்கு லாபம்.

செம்போத்து இரண்டு நாளாக வேலியை விட்டுச் செம்பருத்திக்கு வந்து உட்காருகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு உறுமுகிறார். ஒரு தரம் கை தட்டி ஓட்டினேன்.

மார்ச் 28, வியாழன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலைக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கடைசிப் பறிப்பு மிளகைக் கிளறிவிட முன்வாசலுக்குப் போனேன். கொ.கு. இரண்டும் கத்துகிற சத்தம். வழக்கமான கத்தல் இல்லை. பிறகு டம்ளர் விழுகிற சத்தம். ஓடினேன். ஓடினேன் என்பது நிஜம்.

அறை வாசலில் வந்து பார்த்தால் ஜன்னலில் செம்போத்து. பாதி உடம்பு முல்லைக்கொடிக்குள். அவர் இடது கையை ஊன்றித் தலையணையில் இருந்து எழும்பியிருந்தார். எறிந்த டம்ளர் ஜன்னல்வரை போகாமல் தரையில் கிடந்தது. செம்போத்து தலையை வெளியே எடுத்தது. அலகில் ஒரு குஞ்சு, கால் ஆடிக்கொண்டு. சிவப்புக் கண்ணால் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு விழுங்கியது.

"ஓ... ஓ..." என்றார். பிறகு "ஓட்டு!"

பேச்சு. தெளிவான பேச்சு.

"பா... பாவாயி! ஓட்டு!"

இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் 'ஏ புள்ள'. வெளி ஆள் இருந்தால் 'இவ'. என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

கை தட்டினால் போதும். துடைப்பம் கதவு மூலையில்தான் இருந்தது. நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவது குஞ்சு. கொ.கு. இரண்டும் செம்போத்தின் முதுகில் கொத்திக் கொத்திப் பறந்தன, அது சட்டை பண்ணவில்லை. "பாவாயி, பாவாயி" என்று கெஞ்சினார். நான் கெஞ்சின நாட்களில் என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும். மூன்றாவதை விழுங்காமல் அலகில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டது. அதற்கும் வீட்டில் குஞ்சு இருக்கும்.

டம்ளரை எடுத்தேன். தரையைத் துடைத்தேன்.

"செம்போத்து கண்ணுல பட்டா நல்ல சகுனமுங்க" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

சந்தோஷமா? ஆமாம். மத்தியானம் வரை இருந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. அவருக்காக இல்லை.

மார்ச் 29, வெள்ளி

கொ.கு. வாயில் புழுவோடு வந்தது. வெறுங்கூட்டைப் பார்த்துவிட்டு, புழுவை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருந்தது. போயிற்று. திரும்பவும் புழுவோடு வந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"வேண்டா" என்றார்.

பாய் பணம் கொடுக்க வந்தபோது அவர் "தண்ணி" என்றதைக் கேட்டுவிட்டார். "அல்லாவே! அண்ணன் பேசறாருங்க அக்கா!" மலை இறங்கியதும் முதல் வேலையாகச் செல்விக்குப் போன் போட்டுச் சொல்கிறேன் என்று ஓடினார். நிறுத்த முடியவில்லை.

மார்ச் 30, சனி

அவருக்கு வந்திருக்கிற சொற்கள்: ஓட்டு. வேண்டா. தண்ணி. பாவாயி. இன்று காலையில் இருந்து புதிதாக ஒன்று, 'பாத்து'. என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். பாத்து, பாத்துக்கி, பாத்துக்கிட்டு. அதற்குமேல் நாக்குப் புரளவில்லை. ஆனால் விடாமல் பழகுகிறார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நாளைக்குச் செல்வி வருவாள் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். 'பாத்துக்கிட்டு நின்னா.'

அவள் அப்பாவின் மகள். கேட்டால் நம்புவாள். அதற்குப்பின் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். எனக்கு மனுஷர் என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவர் முதுகை, குண்டியை எல்லாம் துடைத்துப் பவுடர் போட்டேன். கை தானாக வேலை செய்தது.

மார்ச் 31, ஞாயிறு

செல்வி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நாந்தானுங்கப்பா. பேசுங்கப்பா. ஒரு வார்த்த."

நான் கதவுப் பக்கம் நின்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், போய்ப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றார். கையை விடுவித்து என்னைக் காட்டினார். நெற்றியில் நரம்பு புடைத்தது. "அம்மா... பாத்துக்கிட்டு..."

"ம்ம், சொல்லுங்கப்பா."

"பாத்துக்கிட்டு... பாத்துக்கிட்டு..."

செல்வி என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் கொட்டுகிறது. "அம்மா, கேட்டியா? அம்மா பாத்துக்கிட்டாங்கறாருமா! வாய் தொறந்து மொத மொதல்ல உன்னயத்தான் சொல்றாரு!"

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அறைந்தார். "பாத்துக்கிட்டு! பாத்துக்கிட்டு!"

"தெரியும்பா. அம்மா உங்கள நல்லாப் பாத்துக்கிட்டாங்க. எனக்குத் தெரியாதா? அழுவாதீங்க சாமி."

அவள் அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தோளுக்கு மேலே அவர் கண் என்மேல். வாய் திறந்து திறந்து மூடியது. பால் பொங்கி அடுப்பு அணைந்த வாடை வந்தது.

"ஆமாங் கண்ணு. அதத்தான் சொல்றாரு" என்றேன்.

மதியம் கோழிக் குழம்பு. அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு இனிப் பயமில்லை, பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ண வேண்டும், இனி மே மாதம்தான் வருவேன் என்றாள். மூன்று மணி பஸ். பைக்குள் மிளகும் பழமும் கட்டி வைத்தேன். ரோடு வரை போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட்டில் இருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

உள்ளே வந்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. வெயில் மட்டும்.

"நின்னா" என்றார்.

தெளிவாக. திக்காமல்.

"ஆமாங்க" என்றேன். "நின்னேனுங்க."